இலை போடும் முன் விலை கேளுங்கள்

1881-இல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் தாக்கிய பிறகு, கோலாலம்பூர் ஓலைக் கூரையையும் பலகைச் சுவரையும் விட்டுச் செங்கல்லுக்கு மாறியது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இப்போது அங்கே புகைவது தோசைக்கல். கேஎல் சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால் துன் சம்பந்தன் சாலை: மல்லிகைச் சரம், முறுக்கு, வாழையிலைச் சாப்பாடு, நள்ளிரவு தாண்டியும் தே தாரே. 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர்கள் நஜிப் ரசாக்கும் மன்மோகன் சிங்கும் இதை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் பலர் மலேசியாவில் முதல் வேளை பசியாறுவது இந்தத் தெருவில்தான்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. அந்தச் சலுகை 2026 முடியும்வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறையில் குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்கள் பத்துமலை முருகனைக் கும்பிட்டு, இரட்டைக் கோபுரத்தின் முன் படமெடுத்து, மீதிப் பொழுதைக் காப்பிக் கடைகளிலும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளிலும் கழிக்கிறார்கள். இப்படி ஆற அமர உட்கார்ந்து சாப்பிடுவதற்கு இந்த ஊரைப்போல் வசதியான இடம் குறைவு. விலை, சுத்தம், உடல்நலம் மூன்றிலும் சட்டம் சாப்பிடுகிறவர் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் விலைத் தகராறுக்குப் போக வேண்டிய அலுவலகம் வேறு, அழுக்குக்கு வேறு, வயிற்றுப்போக்குக்கு வேறு. இது தெரியாமல் பலர் முகநூலில் கொட்டித் தீர்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களும் இதில் பெரிதாக மேலில்லை.

விலையிலிருந்து தொடங்கலாம். 2021 இறுதியில் மலேசியா முழுக்கப் பேசப்பட்ட ஒரு பில் உண்டு. லங்காவியில் ஒரு கடல் உணவகம்; மேசைக்கு வந்தது ஒரே ஒரு சியாகாப் மீன், நம் ஊரில் கொடுவா என்பார்களே, அது. எடை 7.48 கிலோ. 100 கிராமுக்கு 16 ரிங்கிட். பெருக்கிப் பார்த்தால் 1,196.80 ரிங்கிட். மீன் அவ்வளவு பெரிதாயிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றது சாப்பிட்ட தரப்பு. எடைக்கு எடை விலை போட்டிருக்கிறோம் என்றது கடை. உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அதைவிட உபயோகமானது அந்தக் கணக்கு. மெனுவில் ‘16’ என்று மட்டும் கண்ணில் படும். அது ஒரு மீனுக்கா, ஒரு கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்பது அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். மீனையோ நண்டையோ தேர்ந்தெடுத்தவுடன், “எடை போட்டு மொத்த விலை சொல்லுங்க, பிறகு சமைக்கலாம்” என்று சொல்ல வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. நல்ல கடையில் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாழையிலைக் கடையில் இதே விஷயம் வேறு உருவில் வரும். இலையில் சோறு, இரண்டு மூன்று காய், அப்பளம், ரசம். சோறும் காயும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், பெரும்பாலான கடைகளில் அதற்குத் தனிக் காசில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு தட்டு மேசைக்கே வரும்: ஆட்டு வறுவல், இறால், பொரித்த மீன், கணவாய். விலைச்சீட்டு எதுவும் அதில் இருக்காது. கை நீட்டினால் கணக்கு ஏறும்.

“அண்ணே, இந்த மீன் எவ்வளவு?”

“பதினெட்டு வெள்ளிண்ணே. சின்னது பன்னெண்டு.”

வெள்ளி என்றால் ரிங்கிட். இவ்வளவுதான் உரையாடல். கேட்காமல் விட்டால் பில் வரும்போது பதினெட்டா பன்னிரண்டா என்று நிரூபிக்க இருவரிடமும் ஒன்றுமிருக்காது. மீன் எலும்பு மட்டும் இலையில் கிடக்கும்.

உணவகமோ ஒட்டுக்கடையோ, விற்கும் உணவுக்கும் பானத்துக்கும் விலையை எழுதிவைத்தாக வேண்டும் என்பது விதி. அளவுக்கு மீறி லாபம் அடிப்பது 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். தனிநபருக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, நிறுவனத்துக்கு 500,000 ரிங்கிட் வரை அபராதம். விலை அதிகமாயிருப்பது மட்டுமே கொள்ளை லாபம் ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு ரிங்கிட் காப்பி என்று பலகையில் எழுதிவைத்து விற்கிற கஃபேமீது வழக்கு நிற்காது. எழுதாமல் விற்றவர் மீதும், ஒன்றை எழுதி வேறொன்றை வாங்கியவர் மீதும் நிற்கும். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விலையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்குவதையே குற்றமாக்கியிருக்கிறது.

குளிர்சாதனம் போட்ட கஃபேக்களில் வேறொரு குழப்பம்: பில்லின் அடியில் வரும் இரண்டு வரிகள். ஒரு மாதிரிக் கணக்கு. நால்வர் சாப்பிட்டது 80 ரிங்கிட். கீழே சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, 8 ரிங்கிட். அதற்குக் கீழே சேவை வரி 6 விழுக்காடு, 4.80. மொத்தம் 92.80. இரண்டும் அரசாங்கம் வாங்குவது என்று நினைத்துப் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள். அரசாங்கத்துக்குப் போவது 4.80 மட்டும். 2018 செப்டம்பரில் ஜிஎஸ்டி போய் இந்த வரி வந்தது. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கும் பானத்துக்கும் 6-இலேயே நின்றது. ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிப் பதிவு செய்த உணவகம்தான் இதை வசூலிக்கலாம். பில்லில் பதிவு எண் இருக்கும். சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். நாலு மேசை போட்ட கடை ‘வரி’ என்று வாங்கினால் அந்த எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை.

சேவைக் கட்டணம் என்கிற 8 ரிங்கிட் கடைக்குப் போவது. மெனுவிலோ வாசலிலோ அதை எழுதிவைத்திருந்தால், படித்துவிட்டு உட்கார்ந்தவர் ஒத்துக்கொண்டதாகத்தான் கணக்கு. எங்கும் எழுதாமல் பில்லில் மட்டும் முளைத்திருந்தால் மேலாளரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லலாம். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். சீனர் உணவகங்களில் உட்கார்ந்தவுடன் மேசைக்கு வரும் ஈரத்தாளும் வேர்க்கடலையும் இதே வகை. பிரித்தால் காசு. வேண்டாமென்றால் பிரிக்காமல் ஓரமாக வைத்து, பில்லில் சேர்க்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

காப்பிக் கடைகளின் அமைப்பே தனி. கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1940-லிருந்து இருக்கும் சோங் கொக் காப்பிக் கடை போன்ற பழைய இடங்களில் ரொட்டி பாக்காரும் காயாவும் கட்டிப் பாலூற்றிய காப்பியும் உட்கார்ந்து ரசிக்க வேண்டிய விஷயங்கள். பல காப்பிக் கடைகளில் பானம் மட்டும்தான் கடைக்காரருடையது. மீ, சோறு, தோசை எல்லாம் உள்ளே இடம் வாடகைக்கு எடுத்த தனித்தனி அங்காடிகளுடையது. ஒரே மேசைக்கு மூன்று பேர் மூன்று முறை காசு வாங்குவார்கள். சாப்பாட்டில் கோளாறு என்றால் கூரைக்குச் சொந்தக்காரரைப் பிடித்துப் பயனில்லை. எந்த அங்காடி என்று பெயர்ப் பலகையோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

விலைப் புகார் போக வேண்டிய இடம் உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு. கேபிடிஎன் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1-800-886-800 என்ற எண்ணில் அழைக்கலாம், இணையத்திலும் புகார் தரலாம். கடையின் பெயர், முகவரி, நாள், நேரம், பில், மெனுவின் படம் இவை இருந்தால் அதிகாரி நேரே கடைக்குப் போக முடியும். பில் தராத கடையில் கையால் எழுதிய துண்டுச்சீட்டையாவது கேட்டு வாங்க வேண்டும். கைப்பேசியில் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சிதான்.

கேபிடிஎன் கடைக்காரரைத் தண்டிக்கும். காசைத் திரும்ப வாங்கித் தருவது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தின் வேலை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். 2019-இல்தான் 25,000-லிருந்து இந்த அளவுக்கு ஏற்றினார்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் எதிர்த்தரப்பு அதை நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றமாகிவிடும். கல்யாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ முன்பணம் வாங்கிக்கொண்டு சாப்பாடு போடாமல் ஏமாற்றிய உணவகத்தின்மீது போக இது அருமையான வழி. முப்பது ரிங்கிட் மீனுக்காக, நாளை மறுநாள் சென்னைக்கு விமானம் ஏறப்போகிறவர் இதில் இறங்குவது வீண் அலைச்சல். அவருக்குக் கேபிடிஎன் புகார் போதும். அடுத்து உட்காரப் போகிறவருக்காவது பலனிருக்கும்.

சுத்தத்துக்கு வருவோம். 2018 மார்ச்சில் பாங்சாரில் பெயர்பெற்ற ஒரு வாழையிலை உணவகத்தின் பின்புறம், ஊழியர்கள் தெருக்குழியில் தேங்கிய நீரில் தட்டுகளைக் கழுவுவதை யாரோ கைப்பேசியில் படமெடுத்தார்கள். காணொளி ஒரே நாளில் பரவியது, கடை மூடப்பட்டது. முன்வாசலில் குளிர்சாதனமும் பளபளக்கும் மேசையும் இருந்த கடைதான் அது. 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் 11-வது பிரிவில், அசுத்தமான உணவகத்தை 14 நாள் வரை மூடச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகிறது. 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள்படி, உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சி முடித்திருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை.

சுவரில் ஏ, பி, சி என்று ஒரு தாள் மாட்டியிருப்பார்கள். உள்ளூராட்சி மன்றம் தந்த சுத்தத் தரம் அது. பார்க்கலாம், ஆனால் அது சோதனை நடந்த நாளின் நிலவரம். அதைவிட நம்பத்தக்க அடையாளம் கழிப்பறை. அங்கே சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் இல்லாவிட்டால் சமையற்காரரும் கை கழுவியிருக்க வழியில்லை. கோலாலம்பூரில் மாநகர் மன்றத்திடமும், கிள்ளானில் 2024-இல் அரச மாநகர் தகுதி பெற்ற கிள்ளான் மாநகர் மன்றத்திடமும், எந்த ஊரிலும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திடமும் அசுத்தத்தைப் புகார் செய்யலாம்.

வெயில் ஊரில் ஆபத்து அழுக்கைவிட நேரத்தில்தான் அதிகம். சமைத்த சோறும் குழம்பும் 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி 5 பாகைக்கு மேலே நிற்கும்போது கிருமிகள் பெருகும். நாலு மணி நேரம் அப்படி வெளியில் இருந்த உணவைத் தொடக்கூடாது. தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு, தேங்காய்ச் சட்டினி, நாசி லெமாக் சம்பல் இவை சீக்கிரம் கெட்டுவிடும். மதியம் ஒரு மணிக்கு ஆவி பறக்கச் சாப்பிட்டது பாதுகாப்பு. அதே அண்டாவிலிருந்து நாலரைக்கு வாங்கினால் சூடு உண்டா என்று பார்ப்பது நல்லது. மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி விட்டுப்போன நச்சு கொதியில் அழியாது. ‘பார், முகர், சுவை’ என்று சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. மூன்றிலும் தேறிய உணவுகூட நோய் தரலாம் என்பதால் அதை முழுக் காப்பாக எண்ணிவிடக் கூடாது.

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று தோன்றினால் 2024 ஜூனில் கோம்பாக்கில் நடந்ததை நினைக்கலாம். பள்ளி நிகழ்ச்சி ஒன்றில் பரிமாறிய உணவைச் சாப்பிட்ட 80-க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள். இருவர் இறந்தார்கள், அதில் ஒன்று குழந்தை. 2018-இல் கெடா பாலிங்கில் ஒரு லக்சா கடை. அங்கும் 80-க்கு மேல் நோயாளிகள், இரண்டு சாவு.

வயிறு கெட்டவுடன் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவது இயல்பு. பலமுறை அது நிரபராதியாக இருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு ஓரிரு மணி நேரத்திலேயே வாந்தியாக வெளிப்படும்; சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும்; டைபாய்டு ஊர் திரும்பிய பிறகு, ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சலாகத் தலைகாட்டும். ஆகவே மருத்துவரிடம் மூன்று நாளின் சாப்பாட்டுப் பட்டியலையும் சொல்ல வேண்டும். ரத்தம் கலந்த பேதி, நிற்காத வாந்தி, காய்ச்சல் இருந்தாலோ, நோயாளி குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தபடியே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அவசரத்துக்கு 999.

உணவு நச்சு மலேசியாவில் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோய். 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது; மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணை தொடங்குவது அந்த அறிவிப்பிலிருந்து. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு விடுதி அறையில் சுருண்டு படுத்தவரின் நோய் எந்தக் கணக்கிலும் ஏறாது. மீந்த உணவிருந்தால் மூடிக் குளிர்பெட்டியில் வைப்பது பரிசோதனைக்கு உதவும். உடலுக்குத் தீங்கு செய்யும் உணவை விற்றது உறுதியானால் உணவுச் சட்டத்தின் 13-வது பிரிவு 100,000 ரிங்கிட் வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது.

ஒரு முக்கிய வித்தியாசம். உடலுக்கு நேர்ந்த பாதிப்புக்கான இழப்பீட்டை நடுவர் மன்றம் விசாரிக்காது. அதற்குச் சிவில் நீதிமன்றம்தான். 5,000 ரிங்கிட் வரை என்றால் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். மருத்துவச் சான்றும் பில்லும் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. பயணக் காப்புறுதி எடுத்தவர்களுக்கும் கேட்கப்படுவது இதே காகிதங்கள்தான்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இங்கே வேறு கவலை. மலேசியச் சமையலில் பெலாச்சான் என்ற இறால் விழுதும் நெத்திலியும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். கங்கோங் கீரைப் பொரியலில்கூட. மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு கேட்டால், பழக்க தோஷத்தில் மேலே ஒரு கரண்டி மீன் குழம்பையும் ஊற்றிவிடுவார்கள். ‘சைவமா’ என்று மட்டும் கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். பெலாச்சான், நெத்திலி, முட்டை என்று பெயர் சொல்லிக் கேட்பதே வழி. சீனர் சைவக் கடைகளில் பூண்டு வெங்காயம்கூட இருக்காது, சிலவற்றில் முட்டை இருக்கும். 2024 பிப்ரவரியில் தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்ட, கிள்ளானின் பெருமையான பக் குட் தே பன்றி இறைச்சிச் சாறு. ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். பொட்டலமிட்ட உணவில் வேர்க்கடலை, மீன், பால், முட்டை இருந்தால் லேபிளில் போட வேண்டும்; கடையில் சமைத்துக் கொடுப்பதற்கு லேபிள் கிடையாது.

மற்ற சில விஷயங்கள் சுருக்கமாக. 2019 ஜனவரி 1 முதல் திறந்தவெளி உட்பட எல்லா உணவகங்களிலும் புகைக்கத் தடை, மேசையிலிருந்து மூன்று மீட்டருக்குள் கூடாது. பக்கத்து மேசையில் ஊதினால் ஊழியரிடம் சொல்லலாம். விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவான மதுவைத் தொடவே வேண்டாம்; 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த சரக்கு கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுற்றுப்புறங்களிலும் 30-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது, இறந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மேசைமேல் ஒட்டிய கியூஆர் படத்தில் பணம் செலுத்தும்போது திரையில் வரும் பெயர் கடையின் பெயர்தானா என்று பார்த்துவிட்டே அழுத்த வேண்டும். பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டால் உடனே வங்கிக்கும் 997-க்கும் அழைக்க வேண்டும். நடைபாதை மேசையில் கைப்பேசியைச் சாலைப் பக்கம் வைத்துவிட்டுக் கதை பேசாமலிருப்பது எல்லா ஊருக்கும் பொது.

ஜூன் பிறந்தால் டுரியான் காலம். சாலையோரத்தில் குவித்து வைத்து, கிலோ கணக்கில், ஓட்டோடு சேர்த்து நிறுப்பார்கள். உள்ளே இருக்கும் சுளை மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது என்பதை மனதில் வைத்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். கிலோ விலையோடு எந்த ரகம் என்பதையும் பலகையில் பார்த்துக்கொள்ள வேண்டும். முசாங் கிங் என்று சொல்லிச் சாதாரண ரகத்தைத் தள்ளிவிடுவது பழைய தந்திரம். வெட்டுவதற்கு முன்பே நிறுத்து விலை சொல்லச் சொல்ல வேண்டும், நம் கண்முன்னாலேயே பிளக்கச் சொல்ல வேண்டும். பழுக்காததும் புழு வைத்ததும் வந்தால் மாற்றித் தருவது நேர்மையான கடைகளின் வழக்கம். 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி வியாபாரத் தராசு சோதித்து முத்திரை இடப்பட்டதாக இருக்க வேண்டும். பழம் வைக்கும் முன் முள் சைபரில் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் முத்திரையும் எடையும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து அதே கேபிடிஎன்னுக்கு அனுப்பலாம்.